டிராயிங் டேப்லெட்: பார்த்து வாங்குவதும் பழுது பிடிப்பதும்

டிராயிங் டேப்லெட் என்பது கம்ப்யூட்டரில் சொருகி, அதற்கான பேனாவால் வரைகிற பலகை. அதன் பெட்டியின் மேல் பெரிதாக 8192 என்று போட்டிருப்பார்கள். பேனாவின் அழுத்தத்தை எத்தனை படியாகப் பிரித்துப் படிக்கிறது என்ற கணக்கு அது. 2048 படி உள்ள டேப்லெட்டிலேயே கோடு மெலிவதும் தடிப்பதும் சீராக வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து வரைந்து பார்த்தாலும் கைக்கு வித்தியாசம் தெரியாது. 5080 எல்பிஐ என்று இன்னொரு எண்ணும் இருக்கும். அங்குலத்துக்கு 5080 கோடு, அதாவது மில்லிமீட்டருக்கு 200 கோடு என்று அர்த்தம். 152 மி.மீ அகலத்தில் 30,400 புள்ளி ஆகிறது. உங்கள் லேப்டாப் ஸ்கிரீனின் அகலமோ பெரும்பாலும் 1920 பிக்சல்தான். 2540 எல்பிஐ இருந்தாலே தேவைக்குப் பல மடங்கு. இந்த இரண்டு எண்களுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். வரையும் பரப்பு எவ்வளவு, உங்கள் கம்ப்யூட்டருக்கு டிரைவர் (டேப்லெட்டை கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் மென்பொருள்) இருக்கிறதா, பேனாவும் நிப்பும் தனியாகக் கிடைக்குமா என்ற மூன்றையும் பார்த்துத்தான் காசை எடுக்க வேண்டும்.

எந்த அளவு

வாக்கம் கம்பெனியின் இன்டுவோஸ் டேப்லெட்டில் ஸ்மால் 152-க்கு 95 மி.மீ, மீடியம் 216-க்கு 135 மி.மீ. ஸ்மால் என்பது ஏ4 தாளை நாலாக மடித்த அளவு, மீடியம் இரண்டாக மடித்த அளவு என்று வைத்துக்கொள்ளலாம். ஹுயான், எக்ஸ்பி-பென் போன்ற கம்பெனிகளில் 254 மி.மீ அகலம் உள்ளவையும் உண்டு. 15.6 அங்குல லேப்டாப் ஸ்கிரீன் கிட்டத்தட்ட 345 மி.மீ அகலம். ஆக ஸ்மாலில் கை ஒரு செ.மீ நகர்ந்தால் ஸ்கிரீனில் 2.3 செ.மீ ஓடும். மீடியத்தில் 1.6, 254-ல் ஏறக்குறைய 1.4. இந்த விகிதம் ஏற ஏற, கையின் சிறு நடுக்கமும் ஸ்கிரீனில் பெரிதாகத் தெரியும்.

ஃபிளெக்ஸ் கடையில் ஆள் படத்தை வெட்டி எடுப்பது, கல்யாண ஆல்பத்துக்கு முகம் ரீடச் செய்வது என்றால் ஸ்மாலே போதும். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு மணிக்கட்டை மட்டும் அசைத்துச் செய்கிற வேலை அது. கீபோர்டு, பில் புத்தகம், டீ கிளாஸ் எல்லாம் இருக்கிற மேஜையில் இடமும் மிச்சம். நீளக் கோடு இழுத்து வரைகிறவர்களுக்கு, அதாவது காமிக்ஸ், உருவப்படம், நெல்லையப்பர் கோயில் தூண் சிற்பங்களைப் பார்த்து ஸ்கெட்ச் போடுவது என்று முழங்கையிலிருந்து கையை வீசி வரைகிறவர்களுக்கு, மீடியத்துக்குக் கீழே போகவே கூடாது.

வாங்கும் முன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. தாளில் 152-க்கு 95 கட்டம் ஒன்றும் 216-க்கு 135 கட்டம் ஒன்றும் வெட்டிக்கொள்ளுங்கள். மேஜையில் ஒட்டி, கண்ணை லேப்டாப் ஸ்கிரீனில் வைத்துக்கொண்டு, கட்டத்துக்குள் பேனாவால் சிக்குக்கோலம் போடுங்கள். ஓர் இழை முடிகிற வரை கை எடுக்கக் கூடாது. சின்னக் கட்டத்தில் வளைவு திரும்பும் இடமெல்லாம் கை ஓரத்தில் முட்டி விரல் இறுகினால், உங்களுக்கு அது சரிப்படாது.

ஸ்கிரீனிலேயே வரைகிற பென் டிஸ்ப்ளே பல மடங்கு விலை. கையும் கண்ணும் ஒரே இடத்தில் இருப்பது நல்ல வசதிதான். ஆனால் ஸ்கிரீன் இல்லாத டேப்லெட்டும் சில வாரங்களில் பழகிவிடும் என்பதால் முதல் டேப்லெட்டாக பென் டிஸ்ப்ளேயைச் சொல்வதில்லை. வாங்குவதாக இருந்தால் முழு லேமினேஷன் உள்ளதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடிக்கும் திரைக்கும் இடைவெளி இருக்கும், நிப் தொடும் இடத்திலிருந்து கோடு தள்ளி விழும். இன்னொன்று, டைப்-சி ஓட்டை இருந்தாலே படம் போய்விடாது. அந்தப் போர்ட்டில் வீடியோ வசதி இருக்க வேண்டும். விலை குறைந்த பல லேப்டாப்களில் இருக்காது. அப்போது எச்டிஎம்ஐயும் யூஎஸ்பியும் சேர்ந்த மூன்று தலைக் கேபிள்தான் வழி. பவர் தலையை லேப்டாப்பில் சொருகி ஸ்கிரீன் அணைந்து அணைந்து எரிந்தால், அதை மட்டும் 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டருக்கு மாற்றிவிடுங்கள்.

கம்ப்யூட்டர் இல்லாமல் போனில் வரைய நினைக்கிறவர்கள், பெட்டியில் ஆண்ட்ராய்டு என்று எழுதியிருக்கிறதா, போனில் ஓடிஜி (யூஎஸ்பி கருவிகளைப் போனில் சொருகும் வசதி) உண்டா என்று இரண்டையும் உறுதி செய்துகொள்ளுங்கள். போனை நட்டுக்குத்தாகப் பிடித்தால் சில மாடல்களில் டேப்லெட்டின் ஒரு பகுதி மட்டுமே வேலை செய்யும்.

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கம் கடையில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், "அண்ணாச்சி, இதுக்குப் பேனா மட்டும் தனியா கிடைக்குமா?" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒரு கம்பெனி பேனா இன்னொரு கம்பெனி டேப்லெட்டில் எழுதாது. ஒரே கம்பெனியில்கூட மாடல் மாறினால் பல சமயம் எழுதாது. பேனா தொலைந்து, அந்த மாடலும் நின்றுபோயிருந்தால் நல்ல டேப்லெட் வீணாகிவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும்.

டிரைவர்

வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. டேப்லெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் பழைய டேப்லெட் டிரைவர் அத்தனையையும் நீக்கி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு டிரைவர் ஒன்றாக இருந்தால் பேனா நகரும், அழுத்தம் மட்டும் வராது. கம்பெனியின் சொந்தத் தளத்தில், டேப்லெட்டின் முதுகில் இருக்கும் மாடல் எண்ணைப் போட்டு டிரைவரை எடுங்கள். வரையும் மென்பொருள் எல்லாவற்றையும் மூடிவிட்டு நிறுவி, மறுபடியும் ரீஸ்டார்ட். அதன் பிறகு ஹப் எதுவும் இல்லாமல் லேப்டாப்பிலேயே நேராகச் சொருகுங்கள். டிரைவருக்குள் இருக்கும் அழுத்தச் சோதனைப் பெட்டியில் முதலில் கிறுக்கிப் பாருங்கள். அங்கே அழுத்தம் வந்தால் டேப்லெட்டும் பேனாவும் நலம், இனி குறை மென்பொருளில். அங்கேயே வராவிட்டால் ஃபோட்டோஷாப்பை நோண்டிப் பயனில்லை. மேக்கில் பேனா அசைந்தும் வரையாவிட்டால், பிரைவசி பகுதியில் ஆக்சஸிபிலிட்டி, இன்புட் மானிட்டரிங் இரண்டிலும் டிரைவருக்கு அனுமதி கொடுங்கள்.

டேப்லெட்டில் விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். போன் சார்ஜருடன் வரும் சில கேபிள்களில் மின்சாரத்துக்கு மட்டுமே கம்பி இருக்கும், டேட்டா போகாது.

வட்டம் போட்டால் முட்டை வடிவம் வருகிறதா? டேப்லெட் 16:10, ஸ்கிரீன் 16:9. டிரைவரில் விகிதத்தைக் காப்பாற்றும் தேர்வை டிக் செய்தால் போதும். அப்படி ஒரு தேர்வு இல்லையென்றால் பரப்பின் உயரத்தைக் கையால் குறையுங்கள். 152 மி.மீ அகலத்துக்கு 85.5 மி.மீ சரியாக வரும்.

அழுத்தம் வராதபோது

விண்டோஸில் பேனாவின் செய்தி மென்பொருளுக்குப் போக இரண்டு வழி உண்டு: விண்டோஸ் இங்க், விண்டேப். டிரைவரும் மென்பொருளும் ஒரே வழியில் இருக்க வேண்டும். டிரைவரில் இங்க் ஆன் என்றால், வரையும் மென்பொருள்களான கிருத்தாவின் டேப்லெட் செட்டிங்கில் விண்டோஸ் பாயின்டர், கிளிப் ஸ்டூடியோவில் டேப்லெட் பிசி என்று தேர்ந்தெடுங்கள். இங்க் ஆஃப் என்றால் இரண்டிலும் விண்டேப். மாற்றியதும் மென்பொருளை மூடித் திறங்கள். ஃபோட்டோஷாப்புக்கு இங்க் ஆன் இருக்கட்டும். அதில் பிரஷ் செட்டிங்கின் ஷேப் டைனமிக்ஸ் பக்கத்தில் பென் பிரஷருக்கு அருகே சின்ன எச்சரிக்கை முக்கோணம் தெரிந்தால், அழுத்தம் அதுவரை வந்து சேரவில்லை என்று பொருள். கோரல்டிராவில் சாதாரண பென் டூல் அழுத்தத்தை எடுத்துக்கொள்ளாது. ஆர்ட்டிஸ்டிக் மீடியாவில்தான் வரும். அது பழுதல்ல.

பேனாவை ஊன்றியதும் வளையம் சுழன்று ரைட் கிளிக் மெனு திறப்பது பலரை எரிச்சல்படுத்துகிறது. கன்ட்ரோல் பேனலில் பென் அண்ட் டச் போய், பிரஸ் அண்ட் ஹோல்டை அணையுங்கள்.

கோடு நடுங்கினால்

ஸ்கேலை டேப்லெட்டில் சாய்வாக வைத்து, அதை ஒட்டி மிக மெதுவாகக் கோடு இழுங்கள். வேகமாக இழுத்தால் குறை மறைந்துவிடும். கோட்டில் அலை அலையாக வந்தால் உடனே மென்பொருளில் கோட்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசரை ஏற்றாதீர்கள். காரணத்தைத் தேட வேண்டும். இந்த டேப்லெட்டுகள் மின்காந்த அலையை அனுப்பி, பேனாவிலிருந்து திரும்பி வருவதை வைத்து இடத்தைக் கணக்கிடுகின்றன. பேனாவில் பேட்டரி இல்லாததும் அதனால்தான். அதில் வேறு அலை கலந்தால் இடம் தடுமாறும்.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் அதே கோட்டை இழுங்கள். நேராக வந்தால் குற்றம் மின் இணைப்பில். நம் பக்கம் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், உள்ளே எர்த் கம்பி இருக்காது. உலோக உடல் லேப்டாப்பைத் தொட்டால் புறங்கையில் சுரீரென்று லேசாக ஓடும், அதுவே அடையாளம். எலக்ட்ரீஷியனை அழைத்து முறையாக எர்த் போடச் சொல்லுங்கள். எர்த்தையும் நியூட்ரலையும் சாக்கெட்டிலேயே சேர்த்துவிடும் குறுக்குவழியை ஒப்புக்கொள்ளாதீர்கள், உயிருக்கு ஆபத்து. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் நடுக்கம் வந்தால், சைன் வேவ் இல்லாத இன்வெர்ட்டராக இருக்கலாம். அந்த நேரம் சார்ஜரை எடுத்துவிட்டு வரையுங்கள்.

பேட்டரியிலும் நடுங்கினால் மேஜையைப் பாருங்கள். கடைகளில் இரும்பு மேஜைதான் அதிகம். டேப்லெட்டுக்கு அடியில் இரண்டு அங்குல மரப்பலகை வைத்து உயர்த்துங்கள். ஸ்பீக்கரும், சார்ஜ் ஏறும் போனும் ஓர் அடி தள்ளி இருக்கட்டும். இவ்வளவும் செய்து நடுக்கம் நிற்கவில்லை என்றால், அப்போது பேனா.

நிப்பும் பேனாவும்

நிப் தேய்ந்து ஒரு பக்கம் உளி மாதிரி சப்பையானால் மாற்றிவிடுங்கள். அந்தக் கூர்விளிம்புதான் பரப்பில் கீறல் போடுகிறது. பெட்டியில் வரும் சிறு வளையத்தில் நிப்பைக் கவ்வி நேராக இழுக்க வேண்டும். புதியதை நேராகத் தள்ளி, நின்றதும் விட்டுவிடுங்கள், மேலும் அழுத்த வேண்டாம். பேனா தொடாமலேயே கோடு போட்டால் நிப் உள்ளே சிக்கியிருக்கிறது. எடுத்துத் துடைத்து மறுபடி பொருத்துங்கள். பேனாவை நிப் கீழே ஊன்றும்படி டம்ளரில் நிறுத்தி வைப்பதும், கீழே போடுவதும் உள்ளிருக்கும் சென்சாரைக் கெடுக்கும் பழக்கங்கள். படுக்க வையுங்கள்.

கோடு பின்தங்கி வருகிறது என்று டேப்லெட்டை மாற்றுகிறவர்கள் உண்டு. 2000 பிக்சல் சதுரத் தாளைத் திறந்து வரையுங்கள். அங்கே தங்காமல் ஓடினால் தவறு கோப்பின் அளவில். 10-க்கு 8 அடி ஃபிளெக்ஸை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால் 36,000-க்கு 28,800 பிக்சல், 103 கோடிக்கு மேல். 72 டிபிஐயில் ஏறக்குறைய 6 கோடிதான், தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு அது தாராளம். பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப் போல ராம் குறைந்தவற்றில் இது இன்னும் முக்கியம்.

வெயிலும் உப்புக்காற்றும்

கத்திரி வெயிலில் உள்ளங்கை வியர்த்து பரப்பில் ஒட்டும். பேனாவைக் கண்டறிவதை வியர்வை கெடுக்காது, கை வழுக்கி ஓடாததுதான் தொல்லை. சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் மூடும் கையுறை போடுங்கள். விரல் தொடுதலும் உள்ள டேப்லெட் என்றால் டச்சை அணைத்துவிடுங்கள். திருச்செந்தூர், தூத்துக்குடி பக்கம் கடற்காற்றில் யூஎஸ்பி முனையில் பச்சை பூக்கும். கழற்றிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் சொருகுங்கள். பென் டிஸ்ப்ளேயின் கண்ணாடிக்கு ஆல்கஹால் வேண்டாம், லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணி போதும்.

கேபிளை அசைத்தால் இணைப்பு போய்ப் போய் வருகிறது என்றால், முதலில் வேறு கேபிள். அப்படியும் ஆடினால் டேப்லெட்டில் உள்ள போர்ட் தளர்ந்திருக்கிறது. வாரண்டி முடிந்திருந்தால் செல்போன் ரிப்பேர் கடையில் போர்ட்டை மாற்றி சால்டர் வைத்துத் தருவார்கள். வாரண்டி இருக்கும்போது திறக்கவிடாதீர்கள், பில்லோடு கம்பெனிக்கே அனுப்புங்கள்.