பெஸ்ட் கன்ட்ரோல் (பூச்சி ஒழிப்பு) உரிமத்துக்கு நோட்டீஸ் வந்தால் செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்காவில் பூச்சிமருந்தைப் பதிவு செய்து அதன் லேபிளை அங்கீகரிப்பது மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அந்த மருந்தை வீடுகளில் அடிப்பவருக்கு உரிமம் கொடுப்பதும், தப்பு செய்தால் அதைப் பறிப்பதும் மாநிலத்தின் வேலை. ஃப்ளோரிடாவிலும் டெக்சாஸிலும் வேளாண்துறை இதைப் பார்க்கிறது. கலிஃபோர்னியாவில் இதற்கென்றே தனி வாரியம் இருக்கிறது.

1868-இல் சேர்க்கப்பட்ட 14-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, உரிய சட்ட நடைமுறை இல்லாமல் எந்த மாநிலமும் ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்க முடியாது. பிழைப்புக்கு ஆதாரமான உரிமமும் இந்தப் பாதுகாப்புக்குள் வருகிறது. அதாவது, குற்றச்சாட்டு என்னவென்று சொல்ல வேண்டும், பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். ஒன்றிரண்டு வண்டியை வைத்துக் குடும்பம் நடத்துபவருக்கு இது மிகப் பெரிய பாதுகாப்பு. ஆனால் இதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் விட்டுத்தான் பலர் இழக்கிறார்கள்.

நோட்டீஸ் வந்ததும் செய்யும் முதல் தவறு, பதில் கொடுக்க வேண்டிய கெடுவைத் தவறவிடுவது. கலிஃபோர்னியாவில் குற்றச்சாட்டுப் பத்திரம் சேர்ந்த 15 நாட்களுக்குள் எதிர்ப்பைப் பதிவு செய்ய வேண்டும். ஃப்ளோரிடாவில் விசாரணை கேட்டு மனுக் கொடுக்கப் பொதுவாக 21 நாட்கள். நாள் கடந்துவிட்டால் விசாரணை உரிமையையே விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொள்ளப்படலாம். அதன்பிறகு நீதிமன்றத்துக்குப் போனால், “வாய்ப்புக் கொடுத்தோம், அவர் பயன்படுத்தவில்லை” என்று அரசு சொல்லிவிடும். அலுவலகம் மாறியதைத் துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதும் இதே ஆபத்துதான். பதிவில் உள்ள முகவரிக்குத்தான் கடிதம் போகும். அனுப்பிய கடிதம் திரும்பி வந்தால், செய்ய முடிகிற வேறு முயற்சிகளையும் அரசு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் வேறொரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

கெடுவுக்குள் பதில் போட்டும் ஏமாறுபவர்கள் உண்டு. ஃப்ளோரிடாவில் விசாரணை இரண்டு வகை. நடந்த சம்பவத்தையே மறுத்தால் வழக்கு தனி நிர்வாக நீதிபதியிடம் போகும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். சம்பவத்தை மறுக்கவில்லை, தண்டனையைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்றால் துறைக்குள்ளேயே எளிய விசாரணை நடக்கும். சுலபமாக முடியட்டும் என்று இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர், குற்றச்சாட்டில் எழுதியிருக்கும் சம்பவத்தைத் தன்னையறியாமலே ஏற்றுக்கொள்கிறார். அந்த மாநிலத்தில் உரிமத்தை ரத்து செய்ய வேண்டுமென்றால் தெளிவான, நம்பத்தகுந்த சான்றோடு குற்றத்தை நிரூபிக்க வேண்டியது துறையின் பொறுப்பு. படிவத்தில் தவறான கட்டத்தில் ஒரு டிக் போட்டால் அந்தப் பொறுப்பை நீங்களே அவர்கள் தலையிலிருந்து இறக்கி வைத்துவிடுகிறீர்கள்.

அடுத்தது, “இங்கே தோற்றாலும் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்” என்ற எண்ணம். மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலும் கீழே பதிவான ஆவணங்களையும் சாட்சியத்தையும் மட்டுமே பார்க்கும். அன்று என்ன மருந்து, எவ்வளவு, எங்கே அடித்தீர்கள் என்ற பதிவேட்டை விசாரணையில் காட்டாமல் விட்டால் பிறகு காட்ட முடியாது. லேபிளில் சொன்ன முறைக்கு மாறாகப் பயன்படுத்துவதே கூட்டாட்சிச் சட்டப்படி, அதாவது மத்திய அரசின் சட்டப்படி, குற்றம் என்பதால், வழக்கின் பாதி இந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது.

கூட்டாட்சிச் சட்டப்படி சோதனைக்கு வரும் அதிகாரி மருந்து மாதிரி எடுத்தால் ரசீது கொடுக்க வேண்டும். நீங்கள் கேட்டால் அவர் வைத்துக்கொள்ளும் அதே அளவில் ஒரு பங்கையும் தர வேண்டும். கவனியுங்கள், கேட்டால்தான். தனியாக ஒரு ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கும் வழி இதுதான், பலர் கேட்பதேயில்லை.

அவசரம் என்று சொல்லி விசாரணைக்கு முன்பே உரிமத்தை நிறுத்திவைத்தால் அது சட்டவிரோதம் என்று உடனே முடிவுகட்டுவதும் தவறு. 1979-இல் ஒரு குதிரைப் பயிற்சியாளரின் உரிமம் பற்றிய வழக்கில், முதலில் நிறுத்திவைக்கலாம், ஆனால் விசாரணை தாமதமில்லாமல் நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் நிறுத்திவைத்ததையே எதிர்த்து நாட்களைக் கடத்துவதைவிட, உடனடி விசாரணை வேண்டும் என்று எழுத்தில் கேட்பது பெரும்பாலும் பலன் தரும்.

வாரியத்தில் போட்டி நிறுவனக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்களே என்ற கோபம் நியாயமானது. அலபாமா கண் பரிசோதகர் வாரியம் பற்றிய 1973-ஆம் ஆண்டு வழக்கில், தீர்ப்பால் பணலாபம் அடையக்கூடியவர்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றாகியிருக்கிறது. ஆனால் ஒரே அமைப்பே விசாரித்து, தீர்ப்பும் சொல்வது மட்டுமே பாரபட்சம் ஆகாது என்று 1975-இல் இன்னொரு தீர்ப்பும் வந்தது. சந்தேகம் போதாது, லாபம் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதையும் விசாரணை தொடங்கும்போதே ஆட்சேபணையாகப் பதிவு செய்ய வேண்டும்.

சட்டமே அநியாயம் என்று வாதாடுவது வேறு பாதை, அதில் ஜெயிப்பது கடினம். கலிஃபோர்னியாவில் மருந்தே பயன்படுத்தாமல் விலங்குகளையும் பறவைகளையும் விரட்டும் தொழில் செய்த ஒருவர், தனக்கு எதற்குப் பெஸ்ட் கன்ட்ரோல் உரிமம் என்று வழக்குப் போட்டார். வௌவால், ரக்கூன், அணில் விரட்டுபவருக்கு விலக்கு இருந்தது. எலி, சுண்டெலி, புறா விரட்டுபவருக்கு இல்லை. 2008-இல் 9-ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய உரிய நடைமுறை வாதத்தைத் தள்ளிவிட்டு, ஒரே மாதிரித் தொழில் செய்பவர்களைக் காரணமில்லாமல் வேறுவேறாக நடத்தக் கூடாது என்ற சமத்துவ வாதத்தை ஏற்றது. சரியான வாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

கடைசியாக, விசாரணை இல்லாமல் துறையோடு பேசி முடித்துக்கொள்ளும் சமரச ஆணை. அபராதம் சின்னது, கட்டிவிட்டுப் போகலாம் என்று தோன்றும். கையெழுத்துப் போட்டால் விசாரணை உரிமை போய்விடும். உரிம வரலாற்றிலும் அது ஏறலாம், அடுத்த முறை தண்டனை கூடவும் அதுவே காரணமாகலாம். சமரசம் செய்வதாகவே இருந்தாலும், “குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை” என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாடிக்கையாளர் பிறகு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், அங்கே இந்த வரி தேவைப்படும்.