பூவாளிக்குப் பூ எழுதும் முறை

இங்கிலாந்தின் வாய்க்கால்களில் சரக்கு ஏற்றிப் போன படகுகளின் அகலம் சுமார் 7 அடிதான். பின்பக்கம் ஏறக்குறைய 10 அடி நீளத்துக்கு ஒரு அறை. அடுப்பு, மடக்குக் கட்டில், பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே அதற்குள் வாழ்ந்தது. படகில் குழாய் கிடையாது. குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய தண்ணீர், அறையின் கூரைமேல் ஒரு தகரக் கேனில் இருக்கும். கரையோரக் குழாய் வரும்போது நிரப்பிக்கொள்வார்கள். லாங் பக்பி என்ற ஊரின் பெயரால் அதை 'பக்பி கேன்' என்பார்கள். 2 காலன், 3 காலன் அளவுகளில் வரும். 3 காலன் என்பது 13.6 லிட்டர், ஏறக்குறைய நம் தண்ணி லாரிக் குடத்தின் அளவு. உடம்பு முழுக்க ரோஜாவும் கோட்டையும் எழுதியிருக்கும். அந்தக் கேனை வட சென்னையில் கிடைக்கும் பொருளை வைத்தே செய்துவிடலாம்.

கேனுக்கு அலைய வேண்டாம். செடி நர்சரிகளில் விற்கும் தகரப் பூவாளியும் அதே உருவம்தான்: உருளை உடம்பு, சாய்ந்த மூக்கு, மேலே கைப்பிடி. மூக்கு நுனியில் இருக்கும் சல்லடைத் தலையைக் கழற்றிவிட்டு, தகர வேலைப் பட்டறையில் கொடுத்து ஒரு மூடி போட்டுக்கொள்ளுங்கள். 25 செ.மீ. விட்டம், 28 செ.மீ. உயரம் இருந்தால் 3 காலன் கேனின் கணக்கு சரியாக வரும். மூடியின் மூட்டுகளுக்கு ஈயப் பற்றுதான் (சால்டரிங்) வைக்க வேண்டும். வெல்டிங் வைத்தால் தகரத்தின் மேலிருக்கும் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகை கிளம்பும். அந்தப் புகையை இழுத்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரலாம். எரிந்த இடமும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

பிளாஸ்டிக் குடத்தில் எழுதலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக்கில் எனாமல் பிடிக்காது. நாலு தடவை இடுப்பில் ஏறி இறங்கினால் பூ செதில் செதிலாக உதிரும்.

தகரத்தைத் தயார் செய்வது

பெரும்பாலான கேன்கள் கெடுவது இந்தக் கட்டத்தில்தான், அதனால் இதற்கு இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். பளபளக்கும் புதுத் தகரத்தில் நேராக எனாமல் அடித்தால் முதலில் அழகாகவே இருக்கும். ஆனால் எனாமலில் இருக்கும் எண்ணெய்ப் பொருள் துத்தநாகத்தோடு மெல்ல மெல்ல வினைபுரியும். இரண்டுக்கும் நடுவில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகும். சில மாதம் கழித்து நகத்தால் நெம்பினாலே பெயின்ட் தோலாக உரிந்து வரும். கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடை அடியில் கொடுத்தாலும் இதே கதிதான். அது வெறும் இரும்புக்கு உரியது.

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். பற்று வைத்த ஓரங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பற்று பிடிக்கப் பட்டறையில் தடவும் ஆசிட் அங்கேயே தங்கியிருக்கும், பிறகு அந்த வரிசையில் மட்டும் பெயின்ட் கொப்பளிக்கும். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் மூட்டு முழுக்கத் தேய்த்து அலசுங்கள். கடைசியாகத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். சேப்ப இலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் போகவில்லை. ஒரே விரிப்பாக வழிந்து இறங்கினால் தகரம் தயார்.

அடுத்து வினிகரில் நனைத்த துணியால் எங்கும் துடைத்து 15 நிமிடம் விடுங்கள். பளபளப்பு மங்கும். நன்றாக அலசி, வெயிலில் காயவைத்து, 320 நம்பர் எமரித் தாளால் லேசாகத் தடவுங்கள். இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டால் துத்தநாகத்தின் காவல் போய்விடும். இதற்கு மேல் வெறுங்கை படக்கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடம் பிடிக்காது.

கார் பெயின்ட் கடைகளில் வாஷ் பிரைமர் (தகரத்தில் பெயின்ட் பிடிக்க வைக்கும் அடிப்பூச்சு) என்று கேளுங்கள், இரண்டு டப்பாவாகத் தருவார்கள். டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தில் கலந்து, சில மணி நேரத்துக்குள் அடித்து முடித்துவிட வேண்டும். கீழே தகரம் நிழலாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிசான ஒரு கோட் போதும். கெட்டியாக அடித்தால் அதுவே உடைந்து வரும். அன்றைக்கே அதன்மேல் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் ஒரு கோட்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஈரக்காற்றில் வாஷ் பிரைமர் வெளுத்துப் போகும், பிடிப்பும் போகும். காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலோரத் தெருக்களில் இன்னொரு தொல்லை உண்டு. மதியத்துக்கு மேல் கடற்காற்று கொண்டுவரும் உப்பு கண்ணுக்குத் தெரியாமல் படிந்துவிடும். ஒவ்வொரு கோட்டுக்கு முன்னாலும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, காயவிட்டு, காலையிலேயே அடித்துவிடுங்கள்.

தரையும் பட்டையும்

கேனின் வெளிப்பரப்பு முழுவதும் சேர்த்து அரை சதுர மீட்டர்கூட வராது. தரை நிறத்துக்கு, அதாவது பூவுக்குப் பின்னால் கேன் முழுக்க வரும் நிறத்துக்கு, 100 மி.லி. எனாமல் டப்பா ஒன்று, பூவுக்கு 50 மி.லி. டப்பாக்கள் போதும். பரணில் கிடக்கும் பழைய டப்பாவை எடுக்காதீர்கள். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது.

தரைக்குக் கரும்பச்சை நன்றாக இருக்கும். மெல்லிய இரண்டு கோட், நடுவில் ஒரு இரவு இடைவெளி, 400 நம்பர் தாளால் ஈரத்தேய்ப்பு. ஒரே மூச்சில் கெட்டியாகப் பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து சுருங்கும்.

மேலும் கீழும் சிவப்பு, மஞ்சள் பட்டைகள் வரும். கோடு நேராக வர, நாலைந்து புத்தகத்தை அடுக்கி அதன்மேல் பென்சிலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கேனை மட்டும் சுற்றுங்கள். மறைப்பு டேப் ஒட்டினால், பெயின்ட் முழுக்கக் காய்வதற்குள் உரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் பிய்ந்து வரும்.

ரோஜா

இது போர்டு எழுதும் பெயின்டரின் கை. பார்த்து வரைவதில்லை, ஒரு இழுப்புக்கு ஒரு இதழ். மென்முடி வட்டப் பிரஷ்ஷில் 6-ம் நம்பர் ஒன்று, 2-ம் நம்பர் ஒன்று வேண்டும். எனாமல் இழுபடாமல் ஓட, ஒரு சின்ன மூடி அளவுக்கு மூன்று நாலு சொட்டு டர்பன்டைன். மண்ணெண்ணெய் கலந்தால் மினுமினுப்பு போய்விடும்.

முதலில் பழைய செய்தித்தாளில் ஒரே ஒரு இழுப்பைப் பழகுங்கள். பிரஷ்ஷை அழுத்தி வை, வளைத்துக்கொண்டே இழு, நுனி மட்டும் தொடும்படி தூக்கு. காற்புள்ளி மாதிரி, தலை பருத்து வால் மெலிந்து வர வேண்டும். நூறு காற்புள்ளி போட்டபின் கேனைத் தொடுங்கள்.

பூ வரும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து, அவற்றைச் சுற்றி இலைகளை முதலில் போடுங்கள். தரை கரும்பச்சை என்பதால் இலை வெளிர்பச்சையாக இருக்கட்டும். பிறகு எலுமிச்சம்பழ அளவில் பூவின் அடிவட்டம். சிவப்பு ரோஜாவுக்கு அரக்கு நிற வட்டம், வெள்ளை ரோஜாவுக்கு ரோஸ் நிற வட்டம், மஞ்சள் ரோஜாவுக்குக் காவி நிற வட்டம். ஒரு இரவு காயட்டும். ஈரத்தில் இதழ் போட்டால் இரண்டு நிறமும் குழம்பிச் சேறாகும்.

காய்ந்த வட்டத்தை ஒரு கிண்ணமாக நினைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தின் பின்விளிம்பில் மூன்று சின்ன இழுப்பு. அதற்குக் கீழே அடிநிறத்தைக் கொஞ்சம் அப்படியே விடுங்கள், அதுதான் பூவின் ஆழம். அந்த இருட்டுக்குக் கீழே, இடமிருந்து ஒன்றும் வலமிருந்து ஒன்றுமாகக் கிண்ணத்தின் வயிற்றைத் தழுவும் இரண்டு பெரிய காற்புள்ளிகள். பிறகு வெளியே சுற்றிலும் நாலைந்து. ஒரு இதழுக்கும் அடுத்த இதழுக்கும் நடுவில் அடிநிறம் மயிரிழை அளவு தெரிய வேண்டும். எல்லா இடத்தையும் நிரப்பினால் பூ லட்டாகிவிடும். போட்ட இதழைத் திருத்தப் போகாதீர்கள். தப்பாகிவிட்டால் டர்பன்டைன் துணியால் உடனே துடைத்துவிட்டு மறுபடி இழுங்கள், கீழே காய்ந்த வட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. கடைசியில் நடு இருட்டில் மஞ்சள் புள்ளிகள், இலைக்கு 2-ம் நம்பர் பிரஷ்ஷால் நரம்பு.

கேனில் கோட்டை வரும் கட்டத்தில் இங்கிலாந்துப் படகுக்காரர்கள் தண்ணீர், பாலம், மலை, கோபுரம் என்று எழுதுவார்கள். அதை அப்படியே எடுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனின் தூண் வரிசை அந்தக் கட்டத்துக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தும். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர்ப் பக்கம் வெட்டிய வாய்க்கால்தான் பின்னால் நீண்டு பக்கிங்காம் கால்வாய் ஆனது. அதில் ஒரு பாய்மரத் தோணியை எழுதினால் வாய்க்கால் கேன் என்ற பெயரும் நியாயமாகும்.

ஒரு வாரம் காயவிட்டு, பாலியூரிதேன் கிளியர் (நிறமில்லாத வார்னிஷ்) ஒரு கோட் கொடுங்கள். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) கிளியரை ஸ்பிரே செய்தால் எனாமல் சுருண்டு, அத்தனை பூவும் போய்விடும்.

பயன்படுத்துவது

உள்ளே எந்தப் பெயின்டும் கூடாது. பற்றில் காரீயம் கலந்திருந்தால் அதில் வைத்த தண்ணீரைக் குடிக்கக் கூடாது. செடிக்கு ஊற்றவும் கை கால் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். மோர், புளித்தண்ணீர் மாதிரி புளிப்பு எதையும் ஊற்றாதீர்கள், துத்தநாகம் கரைந்து இறங்கும்.

முதலில் துருப்பிடிப்பது அடிவிளிம்புதான். ஈரத்தரையில் நேராக வைக்காமல் பானைக்கு வைக்கும் பிரிமணைமேல் வையுங்கள். பிரிமணையும் ஈரமாகவே கிடந்தால் பயனில்லை. இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் காயவையுங்கள். எங்காவது பெயின்ட் பெயர்ந்தால் அன்றைக்கே அந்த இடத்தைத் துடைத்து, வாஷ் பிரைமரிலிருந்து தொடங்குங்கள்.