தொட்டா ஒட்டலைன்னா காஞ்சிடுச்சுன்னு அர்த்தம் இல்ல: ப்ளாஸ்டிக் மாடல் கட்டுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம், புதுசா மாடல் கட்ட ஆரம்பிச்ச தம்பி ஒருத்தர் அவரோட முதல் டேங்க்கை எடுத்துட்டு வந்து காட்டினார். 1/35 அளவுல டி-34. கட்டினது அருமையா கட்டியிருந்தார், ட்ராக்கோட மேல் பக்கம் சக்கரத்து மேல படிஞ்சு தொங்குமே அந்தத் தொய்வு கூட சரியா வந்திருந்தது. ஆனா டரட்டை, அதாவது பீரங்கி வெச்சு சுத்துற மேல் பகுதியைப் பார்த்ததும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. பெயிண்ட் முழுக்க சுருங்கி, ரொம்ப நேரம் தண்ணியில ஊறின விரல் மாதிரி இருந்தது. என்னாச்சுன்னு கேட்டேன். "முந்தாநாள் எனாமல் அடிச்சேண்ணா, தொட்டுப் பார்த்தேன், ஒட்டவே இல்ல, அதான் நேத்து லேக்கர் க்ளியர் ஸ்ப்ரே அடிச்சேன்"னார். பல வருஷம் முன்னாடி நான் இன்னொருத்தர்கிட்ட சொன்ன அதே வார்த்தை, அப்படியே.

அதனாலதான் இதை எழுதுறேன். பார்ட்டை அது ஒட்டிட்டு வர்ற ஸ்ப்ரூங்கற சட்டத்துல இருந்து கையால பிச்சு எடுக்காதீங்க, க்ளூவை பிதுக்கி ஊத்தாதீங்க, இதெல்லாம் இங்க சொல்லப் போறதில்ல. அது ரெண்டாவது கிட்லயே தானா புரிஞ்சிடும். தானா புரியாத, பல கிட்டை பலி வாங்கினதுக்கு அப்புறம்தான் புரியுற ஒண்ணு இருக்கு, அதைப் பத்திதான் நிறைய சொல்லணும்.

காயுறது வேற, இறுகுறது வேற

வீட்டுக்கு தளம் போட்டா மறுநாளே மேல நடக்கலாம். ஆனா மறுநாளே யாராவது அடியில கொடுத்திருக்கிற முட்டுகளைப் பிரிப்பாங்களா? பெயிண்டும் அப்படித்தான். மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள இன்னும் வேலை நடந்துட்டே இருக்கும். இதுல கொடுமை என்னன்னா எல்லா பெயிண்டுக்கும் இந்த உள் வேலை ஒரே மாதிரி இல்ல, பாட்டில் மேலயும் இதை யாரும் விளக்கமா எழுதுறதில்ல.

லேக்கர்ல பிசின் ஏற்கனவே முழுசா தயாரா இருக்கு, தின்னர் பறந்து போச்சுன்னா கிட்டத்தட்ட வேலை முடிஞ்சுது. அதனாலதான் சீக்கிரமே கையில எடுக்க முடியுது, அதே காரணத்தாலதான் அந்தத் தின்னர் மறுபடி பட்டா மறுபடி கரையுது. தண்ணி கலந்த அக்ரிலிக்ல குட்டிக் குட்டி ப்ளாஸ்டிக் துகள்கள் தண்ணியில மிதந்துட்டு இருக்கும், தண்ணி போகப் போக அதுங்க நெருங்கி இணைஞ்சு ஒரு தோலா மாறும், தொட்டா உடனே ஒட்டாதுதான், ஆனா அந்தத் தோல் கீழ கெட்டியா பிடிக்க ஒரு நாளாவது விடணும், அதுக்குள்ள மாஸ்கிங் டேப் ஒட்டி உரிச்சீங்கன்னா தோலோட வந்துடும்.

எனாமலுக்கு ரெண்டு கட்டம். முதல்ல தின்னர் போகும், நாம காஞ்சிடுச்சுன்னு நினைக்கிறது இந்தக் கட்டத்தைத்தான். அதுக்கப்புறம் பிசின் காத்துல இருக்கிற ஆக்சிஜனை எடுத்துக்கிட்டு ஒண்ணோடொண்ணு பின்னிக்க ஆரம்பிக்கும். ஆக்சிஜன் மேல இருந்துதான் உள்ள இறங்கணும், அதனால மேல் தோல் முதல்ல இறுகும், அடி கடைசியில இறுகும். கனமா அடிச்சா இன்னும் லேட்டு, குளிர்ல இன்னும் லேட்டு, பளபளக்குற க்ளாஸ் (gloss) எனாமல்னா பளபளப்பு இல்லாத மேட் எனாமலை விட ரொம்பவே லேட்டு. இந்த அரைகுறை நிலையில இருக்கிற எனாமல் மேல லேக்கர் ஸ்ப்ரேயை ஈரமா அடிச்சா, லேக்கரோட தின்னர் உள்ள இறங்கி அடியில இருக்கிற எனாமலை உப்ப வைக்கும். உப்பினதுக்குப் போக இடம் இல்ல, அதனால சுருங்கி மடியும். அந்த டரட்டுல நடந்தது அதுதான்.

இதே மாதிரி நான் கெடுத்தது 1/48 ஸ்பிட்ஃபயர் மார்க் 9, பிரிட்டிஷ் போர் விமானம். 1941 ஆகஸ்ட்ல வந்த டே ஃபைட்டர் ஸ்கீம்ங்கற கலர் அமைப்பு, மேல டார்க் க்ரீனும் ஓஷன் க்ரேயும், அடியில மீடியம் சீ க்ரே, வாலுக்கு முன்னாடி ஸ்கை கலர்ல ஒரு பட்டை. நிஜ விமானத்துல அந்தப் பட்டை 18 இன்ச், 1/48ல ஒன்பதரை மில்லிமீட்டர் வரும், அதை நேரா மாஸ்க் பண்ணவே எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆச்சு. எல்லாம் எனாமல். அடிச்சு ரெண்டு நாள் ஆச்சு, டெக்கல் (தண்ணியில நனைச்சு ஒட்டுற படம்) ஒட்டணும், அதுக்கு க்ளாஸ் கோட் வேணும், கேன்ல இருந்த லேக்கர் க்ளியரை எடுத்து பளபளன்னு ஈரமா ஒரே கோட் போட்டேன். பத்து நிமிஷம் அழகா இருந்துச்சு. அப்புறம் இறக்கையோட அடிப்பக்கத்துல, பெயிண்ட் கனமா இருந்த இடத்துல இருந்து சுருக்கம் ஆரம்பிச்சு வெளிய பரவினதை உக்காந்து பார்த்துட்டே இருந்தேன், ஒண்ணும் பண்ண முடியல.

அதோட விட்டிருக்கலாம். காத்திருக்காம உடனே உப்புத்தாள் எடுத்தேன், அதுதான் அடுத்த தப்பு, மெத்துன்னு இருந்த பெயிண்ட் உருண்டு உருண்டு, உடம்புல செதுக்கியிருக்கிற பேனல் கோடுக்குள்ள போய் அடைச்சுக்கிச்சு. சரி மொத்தமா எடுத்துடலாம்னு தின்னர்ல துடைச்சேன், அது மாஸ்க்குக்கு அடியில கசிஞ்சு கேனபி, அதாவது பைலட் தலைக்கு மேல இருக்கிற கண்ணாடி மூடி, புகைமூட்டமா போச்சு. அந்தக் கிட் அப்போ தயாரிப்புலயே இல்ல. தனி கேனபியும் கிடைக்கல. மூணு மாச வேலை, ரெண்டு நாளைக்குப் பதிலா பத்து நாள் விட்டிருந்தா அது இன்னைக்கும் அலமாரில நின்னிருக்கும். இப்ப நினைச்சாலும் எனக்கு எரிச்சல் வருது, ஏன்னா இது கை திறமை சம்பந்தப்பட்ட விஷயமே இல்ல, பெட்டியை மூடி வெச்சுட்டு வேற வேலை பார்த்திருந்தா போதும்.

சுருங்குறது மட்டும்தான் வரும்னு நினைக்காதீங்க. அடி மெதுவா இருந்து மேல சீக்கிரம் இறுகுற பெயிண்ட் அடிச்சா, சில சமயம் அன்னைக்கு எதுவும் ஆகாது. வாரம் கழிச்சு அடி சுருங்கும்போது மேல் கோட் அதோட சேர்ந்து அசைய முடியாம வறண்ட ஏரி மாதிரி பொடிப் பொடியா வெடிக்கும். க்ளாஸ் ப்ளாக் எனாமல் அடிச்சு மேல மெட்டல் பெயிண்ட் போடுறவங்க இதை அடிக்கடி பார்க்கலாம். அப்ப காரணம் எதுன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம், பெயிண்ட் கம்பெனியைத் திட்டுவோம், ப்ரைமரைத் திட்டுவோம்.

நான் இப்ப என்ன பண்றேன்னு சொல்றேன். மாடலுக்குப் பெயிண்ட் அடிக்கும்போதே கூட ஒரு ப்ளாஸ்டிக் ஸ்பூனுக்கும் அதே கனத்துல அடிச்சு வெச்சுடுவேன், சோதனை எல்லாம் அது மேலதான், மாடலைத் தொடவே மாட்டேன். முதல்ல மோந்து பார்ப்பேன். மூக்கை கிட்ட கொண்டு போனா பெயிண்ட் வாசனை வருதுன்னா உள்ள இருந்து இன்னும் ஏதோ வெளிய வந்துட்டு இருக்கு, அவ்வளவுதான், பெட்டியை மூடிடணும். வாசனை இல்லைன்னா ஸ்பூன்ல நகத்தால அழுத்திப் பார்ப்பேன், தடம் விழக் கூடாது. அப்புறம் அடுத்து அடிக்கப் போற க்ளியரை ஸ்பூன் மேல முதல்ல அடிச்சு ஒரு ராத்திரி விடுவேன். நாள் கணக்கு கேட்டா, லேக்கருக்கு ஒரு ராத்திரி, அக்ரிலிக்குக்கு ஒரு நாள் முழுசா, மேட் எனாமலுக்கு குறைஞ்சது நாலு நாள், க்ளாஸ் எனாமலுக்கு ஒரு வாரத்துக்கு மேல. இது என் கணக்கு, ஆனா நாளை விட மூக்கை நம்புங்க. பெட்டி மேல டேப் ஒட்டி எந்தத் தேதியில எந்தப் பெயிண்ட் அடிச்சீங்கன்னு எழுதுங்க, மூணு கிட் ஒரே நேரத்துல போகும்போது ஞாபகம் இருக்கும்னு நினைக்காதீங்க.

வரிசை முடிஞ்ச வரைக்கும் இப்படி வெச்சுக்கோங்க: அடியில லேக்கர், நடுவுல அக்ரிலிக், மேல எனாமல். கரைக்கிற சக்தி அதிகமா இருக்கிறது கீழ, குறைவா இருக்கிறது மேல. எனாமல் மேல லேக்கர் அடிச்சே ஆகணும்னா, அது முழுசா இறுகினதுக்கு அப்புறம் தூரத்துல இருந்து தூறல் மாதிரி மெல்லிசா நாலஞ்சு கோட், ஒவ்வொண்ணும் காய விட்டு. ஈரமா ஒரே கோட் கூடவே கூடாது.

அவசரத்துக்கு ஹேர் ட்ரையர் காட்டுறது பத்தியும் சொல்லிடுறேன். கிட்டோட ப்ளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரி செல்சியஸ் பக்கத்துலயே இளகிடும், மெல்லிசான பார்ட் அதுக்கு முன்னாடியே வளைய ஆரம்பிக்கும். ஆன்டெனா, துப்பாக்கிக் குழல் எல்லாம் தலை சாஞ்சு நிக்கும்.

அதே தப்பு, க்ளூலயும் புட்டிலயும்

லிக்விட் சிமெண்ட் ஒட்டுறது பசை மாதிரி இல்ல, ரெண்டு பக்கத்து ப்ளாஸ்டிக்கையும் கரைச்சு ஒண்ணா உருக்கிடுது. கரைஞ்ச ப்ளாஸ்டிக் ஒரு மணி நேரத்துல பிடிச்சுக்கும், ஆனா ரெண்டு பார்ட் சேர்ற கோடு, அந்த சீம், முழுக்க கெட்டியாக ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும். அதுக்கு முன்னாடி தேய்ச்சு மட்டமா ஆக்கினா அன்னைக்கு சீம் மறைஞ்சிடும், விரல்ல தடவினா கூடத் தெரியாது, பெயிண்ட் அடிச்சு ரெண்டு வாரம் கழிச்சு முதுகு நெடுக ஒரு மெல்லிசான பள்ளம் வந்து நிக்கும். மிச்சமிருந்த சிமெண்ட் பறந்து போய் ப்ளாஸ்டிக் சுருங்கினதோட விளைவு அது. ட்யூப்ல வர்ற புட்டியும் இப்படியே சுருங்கும், அதனால ஆழமான இடைவெளியை ஒரே தடவையில அடைக்காம மெல்லிசா ரெண்டு மூணு தடவை போடுங்க.

சூப்பர் க்ளூவை இடைவெளி அடைக்கப் பயன்படுத்தினா மட்டும் கதை தலைகீழ். அது சுருங்காது, ஆனா நேரம் ஆக ஆக ப்ளாஸ்டிக்கை விட கெட்டியாயிடும், மறுநாள் தேய்ச்சா சுத்தி இருக்கிற ப்ளாஸ்டிக்தான் தேயும், க்ளூ மேடா நிக்கும். அதை மட்டும் அன்னைக்கே, ஒரு மணி நேரத்துக்குள்ள தேய்ச்சு முடிங்க.

கேனபிக்கு சூப்பர் க்ளூ

வேண்டாம். ஆவி படிஞ்சு உள்பக்கம் வெள்ளையா மூடிடும். வெள்ளை மரப்பசை போதும்.

மூக்குல எடை

மூணு சக்கரத்துல முன் சக்கரம் மூக்குக்கு அடியில இருக்கிற விமானம்னா (பி-38, பி-25, மெஸ்ஸர்ஷ்மிட் 262), உடம்பை ஒட்டி மூடுறதுக்கு முன்னாடி மூக்குக்குள்ள எடை வெச்சீங்களான்னு பாருங்க. மூடினதுக்கு அப்புறம் வழி இல்ல, வால்ல உக்காந்துடும்.

டெக்கலை மேட் பெயிண்ட் மேல ஒட்டுறது

மேட் பெயிண்ட் மேடும் பள்ளமுமா இருக்கும், அந்தப் பள்ளத்துல காத்து மாட்டிக்கிட்டு டெக்கலோட தெளிவான ஓரம் வெள்ளி மாதிரி மினுங்கும். க்ளாஸ் கோட் போட்டு, அது இறுகினதுக்கு அப்புறம் ஒட்டுங்க. டெக்கலை இளக்குற சாஃப்டனர் தடவினதும் டெக்கல் சுருங்கி அசிங்கமாத் தெரியும், பயந்து போய் விரலால நீவ ஆரம்பிச்சா கிழிஞ்சுடும். கையைக் கட்டிக்கிட்டு விடுங்க, காயும்போது அதுவே பேனல் கோட்டுக்குள்ள படிஞ்சுக்கும்.

மாஸ்கிங் டேப்

அடிப் பெயிண்ட் நல்லா இறுகணும், ஆனா மேல அடிச்சது காஞ்சதும் டேப்பை எடுத்துடணும். வாரக்கணக்குல விடாதீங்க. உரிக்கும்போது மேல தூக்காம, டேப்பை மடக்கி அது மேலயே பின்னாடி இழுங்க.

வாஷை ஊத்துறது

பேனல் கோட்டுக்கு எனாமல் வாஷ் (தின்னர்ல நீர்க்கக் கரைச்ச பெயிண்ட்) விடும்போது, தூரிகை நுனியால ஒரு சொட்டு தொட்டா அதுவே கோடு நெடுக ஓடும். குளம் கட்ட வேண்டியதே இல்ல. பெயிண்ட் படாத ப்ளாஸ்டிக்ல, முக்கியமா இறுக்கமா பொருத்தின மூட்டுல தின்னர் தேங்கினா ப்ளாஸ்டிக் விரிசல் விட்டு உடையும். ஏபிஎஸ்ங்கற ப்ளாஸ்டிக்ல செஞ்ச பார்ட் இருக்கிற ரோபோ கிட்ல இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ஸ்ப்ரே பண்ணும்போது மாஸ்க்

போடுங்க. தூசி மாஸ்க் இல்ல, ஆவியை வடிகட்டுற கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. ஜன்னலும் திறந்திருக்கணும்.

கடைசி மேட் கோட்

எல்லாம் முடிஞ்ச மாடல் மேல அடிக்கிறதால இதுல வர்ற தப்புதான் மனசை அதிகமா உடைக்கும். மேட் வார்னிஷ்ல பளபளப்பைக் கொல்ற பவுடர் பாட்டிலோட அடியில படிஞ்சு கிடக்கும், நல்லா கலக்காம அடிச்சா ஒரு இடம் மேட்டாவும் ஒரு இடம் வெள்ளையாவும் வரும். கேன்னா ரெண்டு நிமிஷமாவது குலுக்குங்க. மழை பெய்யுற நாள்ல லேக்கர் மேட் அடிக்காதீங்க, தின்னர் வேகமா பறக்கும்போது பெயிண்ட் சில்லுன்னு ஆகி காத்துல இருக்கிற ஈரம் அது மேல படியும், மொத்த மாடலும் பனி விழுந்த மாதிரி வெளுத்துடும். வெளுத்துட்டா தேய்க்காதீங்க, காத்து வறண்டு இருக்கிற நாள்ல மெல்லிசா ஒரு க்ளாஸ் கோட் அடிச்சா பல சமயம் தெளிஞ்சுடும், அப்புறம் மறுபடி மேட் போடலாம்.

அந்தத் தம்பியோட டி-34 தப்பிச்சுடுச்சு. ரெண்டு வாரம் அப்படியே விடச் சொன்னேன், நல்லா இறுகினதுக்கு அப்புறம் சுருக்கத்துல தூக்கி நின்ன இடத்தை மட்டும் லேசா தேய்ச்சு விட்டார். நிஜ டி-34ல வார்ப்பு டரட்டே சொரசொரப்பாதான் இருக்கும், நாங்க அந்தச் சொரசொரப்பு வர்றதுக்காக புட்டியைப் பூசி தூரிகையால குத்திக் குத்தி எடுப்போம், அவருக்கு அது இப்படி வந்து அமைஞ்சது. மறுபடி பச்சை அடிச்சிருக்கார். மேட் கோட் இன்னும் போடல, பெட்டி மேல தேதி எழுதி டேப் ஒட்டியிருக்கு, இன்னும் நாலு நாள் பாக்கி இருக்கு.