கத்தி நிறைய, கிடாய் இல்லை
திருநெல்வேலியில் சித்தப்பா வீட்டு விறாந்தையில், மேஜிக் த கேதரிங் என்ற அட்டை விளையாட்டில், சொந்த உயிரினங்களையே பலியிட்டுப் பலன் எடுக்கும் பலி டெக்கோடு (அட்டைக் கட்டோடு) தோற்றுக்கொண்டே இருந்தேன். கையில் விசெரா சீர், கேரியன் ஃபீடர் என்று பலியிடும் அட்டைகள் எல்லாம் இருக்கும், பலி கொடுக்க மட்டும் ஒன்றும் இருக்காது.

"அண்ணை, கத்தி நிறைய வச்சிருக்கிறியள், கிடாய்தான் இல்லை" என்றான் தம்பி.

சரிதான். 60 அட்டையில் பலியிடுபவை மட்டும் 12. அதை 6 ஆக்கி, செத்தால் 2/2 (தாக்கும் பலம் 2, தாங்கும் பலம் 2) சோம்பியை விட்டுப்போகும் டூம்ட் டிசென்டர் 2, இரண்டு மனாவுக்கு (அட்டைகளை இயக்கச் செலவழிக்கும் சக்தி) கல்லறையிலிருந்து, அதாவது செத்த அட்டைகள் போகும் குவியலிலிருந்து, எழும்பிவரும் ரீஅசெம்பிளிங் ஸ்கெலிட்டன் 4 சேர்த்தேன். இப்போது 6 மனா இருந்தால் ஒரே சுற்றில் அந்த எலும்புக்கூட்டை மூன்று தரம் எழுப்பி, விசெரா சீருக்கு மூன்று தரமும் பலியிடலாம். பக்கத்தில், ஓர் உயிரினம் சாகும்போதெல்லாம் எதிராளியின் உயிர்ப் புள்ளியில் ஒன்றைக் குறைத்து எனக்கு ஒன்றைக் கூட்டும் பிளட் ஆர்ட்டிஸ்ட் நின்றால், எதிராளிக்கு 3 உயிர் போய் எனக்கு 3 வரும்.

கல்லறையையே துடைத்துவிடும் அட்டை வந்தால் கதை முடிந்தது. தம்பிக்கு அது இன்னும் பிடிபடவில்லை.