ஹைட்ராலிக்ஸ் முதல் பாடம்: இரண்டு சிரிஞ்சில் தொடங்கி எண்ணெய்ச் சுற்று வரை

"பம்ப் அழுத்தத்தை உருவாக்குகிறது" என்றுதான் ஹைட்ராலிக்ஸின், அதாவது அடைபட்ட திரவத்தின் வழியே விசையைக் கடத்தும் முறையின், பெரும்பாலான பாடங்கள் தொடங்குகின்றன. அதை அப்படியே எடுத்துக்கொண்டால், ஓடிக்கொண்டிருக்கும் பம்பின் பிரஷர் கேஜ் ஏன் பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது என்பது புரியவே புரியாது. பம்ப் தருவது எண்ணெயின் ஓட்டம். அந்த ஓட்டத்தை எதிரே ஒரு சுமை மறிக்கும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒன்றைக் கையால் உணர்வதற்காகத்தான்.

படி 1: இரண்டு சிரிஞ்ச்

ஊசி இல்லாத 5 மி.லி., 20 மி.லி. சிரிஞ்சுகள் இரண்டும், அவற்றின் முனையில் இறுக்கமாகப் பொருந்தும் ஒளிபுகும் குழாயும் போதும். உள்ளே சாயம் கலந்த தண்ணீர். எண்ணெய் வேண்டாம், சிரிஞ்சின் ரப்பர் ஊறி உப்பிச் சிக்கிக்கொள்ளும். முனையில் திருகி மாட்டும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். சாதாரண வகை, அழுத்தம் ஏறியதும் குழாயிலிருந்து கழன்றுவிடும்.

சிறியதை அழுத்துங்கள், பெரியது எழும். உள்விட்டம் 12 மி.மீ., 20 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பரப்பு விகிதம் 144-க்கு 400. அதாவது, உராய்வை விட்டுவிட்டால், விசை ஏறக்குறைய 2.8 மடங்காகிறது. ஆனால் பெரியது 10 மி.மீ. உயர, சிறியதை 28 மி.மீ. தள்ள வேண்டும். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதி இதுதான். ஜோசப் பிராமா 1795-இல் காப்புரிமை பெற்ற அழுத்து இயந்திரமும் இதே கணக்கில்தான் இயங்கியது.

இப்போது குழாயில் வேண்டுமென்றே ஒரு காற்றுக்குமிழியை விடுங்கள். பெரிய சிரிஞ்சை விரலால் பிடித்துக்கொண்டு சிறியதை அழுத்தினால், குமிழி சுருங்கும்; கை உள்ளே போகும்; விட்டதும் திரும்பி எழும்பும். அந்தத் துள்ளலை விரல் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். படி 3-இல் அது மீண்டும் வரும்.

படி 2: உறுப்புகளைச் சேர்ப்பது

டேங்க், பம்ப், வால்வுகள், சிலிண்டர் (எண்ணெய் தள்ள, தண்டு நீண்டு சுமையை நகர்த்தும் உறுப்பு), ஹோஸ், ஃபில்டர். இவற்றில் ரிலீஃப் வால்வை, அதாவது அழுத்தம் எல்லை மீறினால் திறந்து எண்ணெயை டேங்குக்குத் திருப்பிவிடும் வால்வை, மட்டும் ஒருபோதும் தவிர்க்காதீர்கள். சிலிண்டர் கடைசிவரை நீண்டு நின்ற பிறகும் கியர் பம்ப் (பற்சக்கரங்கள் சுழன்று தள்ளும் வகை) எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணெய்க்கு டேங்குக்குத் திரும்ப வழி இல்லையென்றால் ஹோஸோ பம்போ உடையும். ரிலீஃப் வால்வை முழுக்கத் தளர்த்தி வைத்துத்தான் முதல்முறை ஓட்ட வேண்டும். சிலிண்டர் முழுதும் நீண்டபின், கேஜைப் பார்த்தபடி சிறிது சிறிதாக முறுக்குங்கள். கிளிசரின் நிரப்பிய கேஜே என் தேர்வு, முள் நடுங்காது.

ஒரு கணக்கு. உள்விட்டம் 50 மி.மீ. உள்ள சிலிண்டரின் பரப்பு 19.6 சதுர செ.மீ. 100 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்) அழுத்தத்தில் அது ஏறக்குறைய 2 டன் தூக்கும். பம்ப் நிமிடத்துக்கு 10 லிட்டர் தந்தால், வேகம் விநாடிக்கு 8.5 செ.மீ. வேகம் போதவில்லையென்றால் அழுத்தத்தைக் கூட்டிப் பயனில்லை. ஓட்டத்தைத்தான் கூட்ட வேண்டும்.

படி 3: காற்றை வெளியேற்றுவது

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த படி இது. சுமையில்லாமல் சிலிண்டரை முழுதுமாகப் பலமுறை நீட்டி மடக்குங்கள். டேங்கில் எண்ணெய் அளவைப் பார்த்து நிரப்புங்கள். வழக்கமாக இது போதும். அதன்பின்னும் சிலிண்டர் துள்ளித் துள்ளி நகர்ந்தால், டேங்க் எண்ணெய் பால் நிறத்தில் நுரைத்தால், பம்ப் கரகரத்தால், காற்று எங்கிருந்தோ புதிதாக வந்துகொண்டே இருக்கிறது.

எண்ணெய் ஒழுகும் இடத்தைத் தேடாதீர்கள். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சு குழாயில் வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவு. அங்கே இணைப்பு தளர்ந்திருந்தால் பம்ப் ஓடும்போது எண்ணெய் வெளியே வராது. காற்று உள்ளே போகும். வெளியே ஒரு துளி ஈரம்கூடத் தெரியாது. பம்ப் ஓடும்போது அந்தக் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் எண்ணெயோ கிரீஸோ தடவுங்கள். எந்த இடத்தில் தடவியதும் கரகரப்பு சட்டென்று அடங்குகிறதோ, அதுதான் இடம். திரும்பிவரும் குழாயின் வாய் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே மூழ்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மேலே இருந்தால், எண்ணெய் விழும்போதே காற்றைக் கலக்கும்.

உயர் அழுத்தக் குழாயில் கசிவு தேடும்போது மட்டும் கையை அருகே கொண்டுபோகவே கூடாது. ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள். அப்படி எண்ணெய் இறங்கிவிட்டால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பின்னர் சேர்த்தது

சிலிண்டர் ஏன் நீளும்போது மெதுவாகவும் மடங்கும்போது வேகமாகவும் போகிறது என்று இதைப் படித்தவர்கள் கேட்டிருந்தார்கள். பழுது இல்லை. மடங்கும் பக்கத்தில் பிஸ்டன் தண்டு இடத்தை அடைத்துக்கொள்கிறது. மேலே சொன்ன சிலிண்டரில் தண்டு 28 மி.மீ. என்றால், எஞ்சும் பரப்பு 13.5 சதுர செ.மீ. மட்டுமே. அதே ஓட்டத்தில் வேகம் விநாடிக்கு 12 செ.மீ.க்குச் சற்று மேல். இழுக்கும் விசையோ 1.4 டன்னுக்கும் கீழே. ஆகவே கனமான வேலையைத் தள்ளும் பக்கத்தில் வருமாறு சிலிண்டரைப் பொருத்துங்கள்.