டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: அடுத்தவர் ஆடுவதைப் பார்த்து ரசிப்பது எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகி, பேசியே கதையை நகர்த்தும் மேசை ஆட்டம். சிலர் அதை ஆடுவதைப் படம்பிடித்து நிகழ்ச்சியாகவே வெளியிடுகிறார்கள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவதை ஏன் பார்க்க வேண்டும்? அடுத்து என்ன நடக்கும் என்று அந்த மேசையில் இருக்கும் ஒருவருக்கும் தெரியாது, அதுதான் ருசி. ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நிலைமையைச் சொல்வார், ஆடுபவர் தன் கேரக்டர் என்ன செய்கிறது என்பார், பலித்ததா என்பதைப் பகடை சொல்லும்.

பார்க்க உட்காருமுன் ஒரு கணக்கு தெரிந்தால் போதும். இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு கேரக்டரின் திறமை எண்ணைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எட்ட வேண்டிய இலக்கு 15, திறமை 5 என்றால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். தாக்கும்போது 20 விழுந்தால் எப்பேர்ப்பட்ட கவசமானாலும் அடி விழும். 1 விழுந்தால் குறி கட்டாயம் தப்பும்.

ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிப்படி, உயிர்ப்புள்ளி 0 ஆகி விழுந்த கேரக்டர் தன் முறை வரும்போதெல்லாம் திறமை எண் எதையும் கூட்டாமல் வெறும் பகடை உருட்டும். 10-க்குக் குறையாமல் மூன்று முறை விழுந்தால் பிழைக்கும். அதற்குள் மூன்று முறை தவறினால் சாவு. 1 விழுந்தால் இரண்டு தவறாகக் கணக்கு. இரண்டு தவறு ஆகிவிட்ட நிலையில் பகடை கையில் இருக்கும்போது மற்றவர்கள் முகத்தைப் பாருங்கள். எழுதிவைத்த நாடகத்தில் அந்த முகங்கள் கிடைக்காது.

பலர் இடறுவது தொடக்கத்தில்தான். 2015-இல் தொடங்கிய கிரிட்டிக்கல் ரோல் என்ற நிகழ்ச்சியின் முதல் கேம்பெய்ன், அதாவது முதல் நெடுங்கதை, 115 எபிசோடுகள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் மூன்று, நான்கு மணி நேரம். ஏற்கெனவே வீட்டில் ஆடிவந்த ஆட்டத்தின் நடுவிலிருந்து அது தொடங்குகிறது, ஆரம்பத்தில் ஒலியும் சுமார். அதனால் முதலில் டைமென்ஷன் 20 என்ற இன்னொரு நிகழ்ச்சியின் ஃபேன்டசி ஹை (2018) பாருங்கள்: முதல் சீசன் 17 எபிசோடுகள், எடிட் செய்தவை. பிடித்துப்போனால் கிரிட்டிக்கல் ரோலின் இரண்டாம் கேம்பெய்னுக்குப் போகலாம்; கேரக்டர்கள் எல்லாம் புதிது.

சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள்; கற்பனைப் பெயர்கள் காதில் நிற்காது. கதையில் ஒரு சுற்றுச் சண்டை ஆறே விநாடி, மேசையிலோ அரைமணி நேரம்கூட இழுக்கும். அலுத்தால் சமைத்தபடி காதால் கேளுங்கள், முழுதாகத் தாண்ட வேண்டாம். பின்கதை பெரும்பாலும் அந்தச் சண்டையின் விளைவுதான். கேரக்டர் பெயரைக் கூகுளில் தேடாதீர்கள். யார் செத்தார் என்பது முதல் வரியிலேயே வந்துவிடும்.

பார்த்த ஆசையில் வீட்டில் ஆட்டம் தொடங்கினால் கிரிட்டிக்கல் ரோலின் டன்ஜன் மாஸ்டர் மேத்யூ மெர்சரை அளவுகோலாக வைக்காதீர்கள். அவரும் அவரோடு ஆடுபவர்களும் தொழில்முறைக் குரல் நடிகர்கள். உங்கள் டன்ஜன் மாஸ்டர் குரல் மாற்றிப் பேசாவிட்டாலும் ஆட்டம் நடக்கும்.