கூரைப் பரணில் ஓர் அன்ரெனா: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்த கையோடு கேபிள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிடாதீர்கள். ஓர் அன்ரெனா இருந்தால், சி.பி.சி., சி.ரி.வி., குளோபல், சிற்றி, ஒம்னி, ரி.வி.ஓ. ஆகிய தொலைக்காட்சிச் சனல்கள் எல்லாம் நகர நடுவிலுள்ள சி.என். கோபுரத்திலிருந்து வான்வழியே இலவசமாக வருகின்றன. பிரித்தானியாவில் இருப்பதுபோல் தொலைக்காட்சி பார்க்க இங்கே உரிமக் கட்டணமும் இல்லை. சன், விஜய் இதில் வராது. ஆனால் உள்ளூர்ச் செய்தியும் வானிலையும் சனி இரவு ஹொக்கியும் வரும். பிள்ளைகளுக்குக் கல்விச் சனலான ரி.வி.ஓ. ஒன்றே போதும்.

2011 ஆகஸ்ட் 31 முதல் ரொறன்ரோ ஒளிபரப்பு டிஜிற்றலாகிவிட்டது. அலை போதுமானால் படம் பளிச்சென்று தெரியும். சற்றுக் குறைந்தால் சதுரம் சதுரமாக உடைந்து மறைந்துவிடும். ஜன்னலோரத் தட்டை அன்ரெனாவில் இந்தத் தொல்லை இருந்தால், அதற்கு அடுத்த இடம் கூரைக்கும் சீலிங்குக்கும் இடைப்பட்ட பரண்தான். கூரையின் பலகையும் அதன் மேலுள்ள தார் ஓடுகளும் அலையில் பாதியையோ அதற்கு மேலோ விழுங்கிவிடும். ஆனாலும் உயரம் அதைப் பெருமளவு ஈடுகட்டும்; பனிக்கும் காற்றுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. உலோகக் கூரை, அலுமினியத் தாள் ஒட்டிய இன்சுலேஷன் (குளிர்காப்பு) உள்ள வீடுகளில் மட்டும் முயல வேண்டாம்.

ஸ்காபரோவில் இருப்பவர்கள் பலர் அன்ரெனாவைத் தென்மேற்கே, சி.என். கோபுரத்தை நோக்கித் திருப்புகிறார்கள். அது வீண். அவ்வளவு அருகில் உள்ள வலுவான அலை பக்கவாட்டிலும் நுழையும். தெற்கே, ஒன்ராறியோ ஏரிக்கு அக்கரையில் உள்ள அமெரிக்காவை நோக்கித் திருப்புங்கள். பஃபலோ நகருக்கு அருகேயுள்ள கிராண்ட் தீவிலிருந்து வரும் அமெரிக்கச் சனலான ஃபொக்ஸ் ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவு. நல்ல பரணில் கிடைக்கும். மற்ற அமெரிக்கச் சனல்களான என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. ஆகியவற்றின் கோபுரங்கள் பஃபலோ நகருக்கும் தெற்கே இருப்பதால் அவற்றுக்கு அதிர்ஷ்டமும் வேண்டும். சி.ரி.வி. மட்டும் வி.எச்.எஃப். எனும் நீளமான அலையில் வருவதால், வாங்கும் அன்ரெனா அதையும் பிடிக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள்.

படம் உடைந்தால் உடனே அலையைப் பெருக்கும் அம்பிளிபயர் வாங்காதீர்கள். கோபுரத்துக்கு அருகில் அது அலையை மிகையாக்கி, ஏற்கெனவே தெரிந்த படத்தையும் கெடுக்கும். முதலில் அன்ரெனாவை ஓரடி நகர்த்திப் பாருங்கள், காற்றுக் குழாய்களிலிருந்து விலக்குங்கள்.

பரணில் மரச்சட்டங்களின் மேல் மட்டுமே கால் வையுங்கள். இடையில் இருப்பது வெறும் சீலிங் அட்டை. முகக்கவசம் அணியுங்கள். 1990க்கு முந்தைய வீட்டில் குளிர்காப்புக்காகக் கூழாங்கல் போன்ற வெர்மிகுலைற் கனிமத் துகள் கொட்டியிருந்தால் அதைக் கிளறவே வேண்டாம், அதில் நுரையீரலுக்குக் கேடான அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம். கேபிளுக்குத் துளையிட்டால் நன்றாக அடையுங்கள். இல்லாவிட்டால் குளிர்காலத்தில் வீட்டின் ஈரக்காற்று மேலேறிக் கூரையின் அடியில் உறையும். நிலவறையில் வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் முதலில் கேளுங்கள். இருவரும் ஒரே அன்ரெனாவைப் பகிரலாம், ஆனால் கேபிளை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு கிளைக்கும் பாதிக்கும் குறைவான அலையே போகும்.

அன்ரெனாவை நகர்த்தும்போதெல்லாம் தொலைக்காட்சியில் சனல்களை மீண்டும் தேடவிடுங்கள். அதைப் பகலில் செய்யுங்கள். கோடை இரவுகளில் ஏரியின் மேல் அலைகள் வழக்கத்தைவிட வெகுதூரம் பயணிக்கும். அப்போது பதிவாகும் சில சனல்கள் மறுநாள் காலையில் இருக்காது.